ஒட்டினால் ஓட்டு

காலை எட்டே முக்காலுக்கு மாமனார் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார்.

மேசையில் பழுப்புக் காகிதம் பிரிந்து கிடந்தது. அதன் மேல் கார்பைடு தகடுகள். தீப்பெட்டி அகலம், அதன் தடிமனில் பாதி. சாம்பல் நிறம். கையில் எடுத்தால் அந்த அளவுக்குப் பொருந்தாத எடை. பட்டறைக்கு இதுவரை எஃகு மட்டுமே வந்திருக்கிறது. எஃகையே வெட்டும் கருவிகள் செய்கிற கார்பைடு வருவது இதுதான் முதல் முறை.

அவர் ஒரு தகட்டின் மேல் காந்தத்தை வைத்துத் தூக்கினார். தகடு தொங்கியது. ஆட்டிப் பார்த்தார். விழவில்லை.

"ஒட்டுது. ஏத்துடா."

மகன் தகடுகளை இரண்டு கையாலும் அள்ளினான்.

ஒட்டினால் ஓட்டு. பட்டறையில் அது சட்டம். காந்தத்தில் ஒட்டுகிற பொருளைக் கிரைண்டிங் மெஷினின் காந்த மேசை பிடித்துக்கொள்ளும். அந்த மேசைக்குச் சக் என்று பெயர். சக்கில் வைத்து, ஸ்விட்சைப் போட்டு, மேலே சுற்றும் கல்லுக்கு அடியில் ஓட்ட வேண்டியதுதான். ஒட்டாத பொருளுக்கு மட்டும் முட்டு வைக்க வேண்டும். முட்டு என்றால் பொருளைவிட உயரம் குறைந்த இரும்புக் கட்டைகள். நாலு பக்கமும் நெருக்கி வைத்தால் பொருள் நகர இடம் இருக்காது. ஆனால் அளவுக்குத் தக்கபடி கட்டை வெட்ட வேண்டும். அரை நாள் போய்விடும்.

பிடி நழுவினால் என்ன ஆகும் என்பதற்குப் பட்டறையிலேயே சாட்சி இருந்தது. மெஷினின் இடப்பக்கத் தகரத் தடுப்பில் ஓர் ஓட்டை. பல வருஷங்களுக்கு முன் ஓர் எஃகுத் துண்டு கல்லில் மாட்டிப் பறந்து வெளியேறிய வழி. கல் இடப்பக்கம்தான் எறியும். நீளமான பொருளை ஓட்ட இடைஞ்சல் என்று பிறகு அந்தத் தடுப்பையும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். மெஷின் ஓடும்போது இடப்பக்கம் யாரும் நிற்கக்கூடாது. அதுவும் சட்டம்.

மாமனார் மட்டும் அங்கேதான் நிற்பார். கல் பொருளைத் தொடுவது அங்கிருந்துதான் தெரியும் என்பார். ஒவ்வொரு முறையும் மகன், "அப்பா, தள்ளி நில்லுங்க," என்பான். ஒவ்வொரு முறையும் அவர், "நீ கல்லைப் பாருடா," என்பார். அதைச் சொல்லாமல் மகன் ஸ்விட்சைத் தொட்டதில்லை. அதைக் கேட்டு அவர் நகர்ந்ததும் இல்லை.

மருமகள் அலுவலக அறையின் வாசலில் நின்றிருந்தாள். உலோகவியல் படித்தவள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். பட்டறையில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை பில் அடிப்பது.

"மாமா, இதை முட்டு இல்லாம ஓட்டக்கூடாது."

"ஏம்மா?"

"இது எஃகு மாதிரி இல்ல. இதுக்குள்ள காந்தத்துல ஒட்டறது கோபால்ட் மட்டும்தான். பசை மாதிரி கொஞ்சமா கலந்திருப்பாங்க. மிச்சமெல்லாம் ஒட்டாது."

"இப்ப ஒட்டுச்சே. கண்ணு தெரியுதா இல்லையா?"

"உங்க காந்தம் ரொம்ப ஸ்ட்ராங் மாமா."

அது உண்மை. அவருடைய பழைய காந்தம் ஒரு ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. கறுப்பு வளையம். சட்டம் போட்டபோது கையில் இருந்தது அதுதான். போன வருஷம் அது தொலைந்துபோனது. இரண்டு நாள் பட்டறையைத் தலைகீழாகப் புரட்டி, எல்லோரையும் திட்டினார். மகன் செத்துப்போன கம்ப்யூட்டர் ஒன்றின் ஹார்ட் டிஸ்க்கை உடைத்து இந்தக் காந்தத்தை எடுத்துக் கொடுத்தான். நகத்தளவுதான். வெள்ளி நிறம். இரும்பில் ஒட்டினால் பிரிக்கக் கத்தி வேண்டும். மகன் கொடுத்ததில் அவர் வைத்துக்கொண்ட ஒரே பொருள் அது.

"ஸ்ட்ராங், லைட்டுனு கேக்கறதுக்கு இது என்ன காபியா? காந்தம்னா காந்தம்தான்."

லேத்துக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. லேத்காரருக்குப் பட்டறையில் ரேடியோ என்று பெயர். வேலை நேரத்தில் வாய் மூடாதவர்.

"முதலாளி, சர்க்கரை கம்மியா ஒரு காந்தம்," என்றார்.

மாமனாரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"சரி. இரும்பை நூறு பிடி பிடிக்கும்னா இதை எத்தனை பிடிக்கும்? படிச்சவதானே. சொல்லு."

அவளுக்கு எண் தெரியவில்லை.

"தேடிப் பார்த்துச் சொல்றேன்."

"தேடு. டீ வர்றதுக்குள்ள சொல்லணும். டேய் தொரை, எல்லாத்தையும் இறக்கி வை. உன் பொண்டாட்டி பரீட்சை எழுதப் போறா."

தொரை என்பது மகனின் பெயரல்ல. முப்பத்து நாலு வயதில் அவனை அப்பா கூப்பிட்ட பெயர். அவன் தகடுகளை மறுபடி காகிதத்தின் மேல் அடுக்கினான்.

*

எஃகுக்கு விவரம் கொட்டிக் கிடந்தது. பெயர் பெயராக அட்டவணைகள். காய்ச்சி ஆறவிட்ட எஃகு, நீரில் அமிழ்த்திய எஃகு, உருட்டிய எஃகு. ஒவ்வொன்றையும் எவ்வளவு காந்தம் ஏற்றலாம், ஏற்றினால் எவ்வளவு தங்கும், எந்தச் சூட்டில் போய்விடும். ஒரு வகை எஃகு நேராக இருக்கும்வரை காந்தத்தில் ஒட்டாது. வளைத்தால் வளைந்த இடத்தில் ஒட்டும். அதற்குக்கூடத் தனி அட்டவணை இருந்தது.

கார்பைடுக்கு எல்லாம் இருந்தது, இது மட்டும் இல்லை. கடினம், அடர்த்தி, வளைத்தால் எங்கே முறியும், எவ்வளவு சூடு தாங்கும். காந்தம் என்ற சொல்லே பல தாள்களில் இல்லை. ஒரு தாளில் இருந்தது. எதிரே 'சிறிது' என்று போட்டிருந்தது.

ஒரு கேள்வி பதில் பக்கத்தில் யாரோ இதையே கேட்டிருந்தார். சக்கில் கார்பைடு நிற்குமா, யாரிடமாவது எண் இருக்கிறதா. கேட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. கீழே பதில் இல்லை.

தகடு விற்றவருக்குப் போன் செய்தாள்.

"சக்ல நிக்குமாவா? நிக்குமே. எல்லாரும் ஓட்டறாங்க."

"முட்டு வெச்சா, வெக்காமலா?"

"அதெல்லாம் எங்களுக்கு எப்படிங்க தெரியும்? நாங்க துணி விக்கிறவங்க மாதிரி. சட்டை தைக்கிறது உங்க பாடு."

"கோபால்ட் எவ்வளவு சதவீதம்?"

தாள் புரளும் சத்தம்.

"ஆறு."

"ஃபேக்டரில ஒவ்வொரு பேட்சுக்கும் காந்தச் செறிவு அளப்பாங்க. அந்த எண் வேணும்."

"மேடம், பத்து வருஷமா விக்கிறேன். கடினம் கேப்பாங்க, எப்ப அனுப்புவீங்கனு கேப்பாங்க. இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான். ஏன், பிரிட்ஜ் கதவுல ஒட்டப் போறீங்களா?"

போனை வைத்தாள். தான் கேட்டதிலேயே அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. ஃபேக்டரிகள் அளக்கின்றன. சக்கில் நிற்குமா என்பதற்காக அல்ல. உள்ளே கரி, அதாவது கார்பன், சரியாகக் கலந்திருக்கிறதா என்று அறிய. காந்தத்தைத் தேடினால் கிடைக்காது. கரியைத் தேட வேண்டும்.

தேடினாள். தரப் பரிசோதனை பற்றிய ஒரு பழைய கட்டுரையில் எண் கிடைத்தது. ஆறு சதவீதம் கோபால்ட், நல்ல கலவை. ஆனால் அது எடைக்குக் கணக்கிட்ட எண். எஃகின் எண்கள் கன அளவுக்கு. கார்பைடு எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. மாற்றிப் போட்டாள். நம்பிக்கை வரவில்லை. மறுபடி போட்டாள்.

எஃகில் பன்னிரண்டில் ஒரு பங்கு வந்தது.

அங்கேயே நிறுத்தியிருப்பாள். பிறகு நினைவு வந்தது. அது காந்தம் ஏறும் அளவுதான். பிடிக்கும் விசை அல்ல. விசைக்கு அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நாலு.

நூறுக்கு ஒன்றுகூட இல்லை. முக்காலுக்கும் சற்றுக் குறைவு.

வெளியே டீக் கிளாஸ்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவள் எண்ணை ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதினாள்.

*

"இரும்புக்கு நூறுனா இதுக்கு முக்கால் மாமா."

"முக்கால்னா எழுபத்தஞ்சா?"

"இல்ல. ஒண்ணுல முக்கால்."

மாமனார் டீயை உறிஞ்சினார். ரேடியோவைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"முழுசா ஒண்ணுகூட இல்லையா? பாவம். ஒரு ஒண்ணாவது போட்டுக் குடுத்திருக்கலாம்ல."

ரேடியோ சிரித்தார். மகனும் சிரித்தான். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கிளாஸுக்குள் பார்த்தான்.

மாமனார் தகட்டின் மேல் காந்தத்தை வைத்துத் தூக்கினார். அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்து ஆட்டினார்.

"இது முக்காலா? எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. முக்கால் எப்படித் தொங்குது?"

"அது சின்னக் காந்தம், ஆனா வேற ஜாதி. அதோட பலம் சக்குக்குக் கிடையாது. சக்ல வெச்சு விரலால தள்ளிப் பாருங்க மாமா. ஒரே நிமிஷம்தான். நகரும்."

"நாப்பது வருஷமா நான் தள்ளிப் பார்த்தது இல்ல."

"நாப்பது வருஷமும் எஃகுதானே மாமா ஓட்டினீங்க."

ரேடியோ சிரிப்பதை நிறுத்தினார்.

மாமனார் காகிதத்தை வாங்கினார். எண்ணைப் படித்தார். அதை நாலாக மடித்து, காந்தத்தில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் துடைத்தார். பிறகு கையைத் துடைத்தார். காகிதத்தைக் கழிவு டின்னில் போட்டார்.

"டேய். நீ சொல்லு. ஒட்டுதா, ஒட்டலையா?"

"ஒட்டுதுப்பா," என்றான் மகன்.

"ஒட்டினா?"

"ஓட்டலாம்."

"ஓட்டலாமா? இது என்ன கல்யாண வீட்டுல அபிப்பிராயம் கேக்கறாங்களா? சட்டம் என்னது?"

"ஒட்டினா ஓட்டு."

"ரேடியோவுக்குக் கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சு முதலாளி," என்றார் ரேடியோ.

"உனக்குக் கேக்கல."

"ஒட்டினா ஓட்டு," என்றான் மகன்.

"உன் பொண்டாட்டியைப் பார்த்துச் சொல்லு. அவளுக்குத்தான் காது மந்தம்."

மகன் திரும்பினான். அவன் காது சிவந்திருந்தது. மேலுதட்டில் டீ ஈரம்.

"ஒட்டினா ஓட்டு," என்று அவளிடம் சொன்னான்.

"அவ்வளவுதான். பெத்த பிள்ளையை மூணு தடவை பாடம் ஒப்பிக்க வெக்க வேண்டியிருக்கு. இவனுக்குப் பதிலா ஒரு தென்னம்பிள்ளையை நட்டிருந்தா நிழலாவது குடுத்திருக்கும்." மாமனார் எழுந்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் ஏத்து. சாயங்காலம் தகட்டை வாங்க ஆள் வருவான். நீ போய் பில்லைப் போடும்மா. கம்ப்யூட்டர்ல வேற எதையும் திறக்காதே. கரண்ட் என் காசு."

*

வீடு பட்டறைக்கு மேலேயே இருந்தது. மாமனார் மதியம் மேலே போய்ச் சாப்பிட்டுக் கொஞ்சம் படுப்பார். ரேடியோ வெளியே போய்ச் சாப்பிடுவார். மகனுக்கு மட்டும் சாப்பாடு கீழே வரும். மெஷினுக்கு எண்ணெய் போட ஆள் வேண்டும் என்று அப்பா வைத்த ஏற்பாடு.

அவள் டப்பாவைக் கொண்டுவந்தபோது அவன் ஒரு தகட்டைச் சக்கில் வைத்திருந்தான். ஸ்விட்ச் போட்டிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. கல் நின்றிருந்தது.

அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

அவன் சுண்டுவிரலைத் தகட்டின் ஓரத்தில் வைத்தான். தள்ளினான்.

தகடு நகர்ந்தது. ஒரு விரற்கடை தூரம். சக்கின் பளபளப்பில் மெல்லிய கோடு விழுந்தது. எஃகு போட முடியாத கோடு.

அவன் ஸ்விட்சைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான். அணைத்து மறுபடி போட்டான். தகட்டைப் பழைய இடத்தில் வைத்தான். தள்ளினான். நகர்ந்தது.

"பார்த்தீங்களா," என்றாள்.

"ம்."

"மாமாவைக் கூப்பிட்டுக் காட்டுங்க."

"காட்டி?"

"காட்டினா அவருக்கே தெரியுமில்ல."

"தெரிஞ்சா என்னை விட்டுடுவாரா? அப்பனுக்கே சோதனை வெக்கிறியாடானு ஆரம்பிப்பார். ராத்திரி வரைக்கும் போகும். அம்மாவும் சேர்ந்துக்குவாங்க."

"அப்ப காட்ட வேண்டாம். முட்டு வைங்க. பட்டை இரும்பு இருக்கு. நான் பிடிச்சுக்கறேன், நீங்க வெட்டுங்க."

"வெச்சா பார்ப்பார்."

"பார்க்கட்டுமே. திட்டுதானே. திட்டு என்ன உடம்புல ஒட்டிக்குதா?"

அவன் தகட்டை எடுத்துத் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான்.

"காலையில மூணு தடவை சொல்ல வெச்சது உன்னையா?" என்றான்.

அவள் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சிரிச்சேன்ல உன்னைப் பார்த்து."

"அதை விடுங்க. முட்டு."

"நான் பார்த்துக்கறேன்."

"நிச்சயமா?"

"பார்த்துக்கறேன்னு சொன்னேன்ல. நீ போ."

அவன் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தான். நன்றாகச் சாப்பிட்டான். அவள் அதைக் கவனித்தாள். வழக்கமாக மதியம் பாதி மிச்சம் வைப்பான்.

*

மாமனார் முகம் கழுவி, தலை வாரி இறங்கி வந்தார். சக்கைக் கையால் தடவினார். அது அவர் பழக்கம். கை ஓரிடத்தில் நின்றது. குனிந்து பார்த்தார்.

"எவன்டா சக்கைக் கீறினது?"

ரேடியோ லேத்தின் எண்ணெய்க் குவளையை எடுத்து ஆராய்ந்தார்.

மாமனார் மகனின் பிடரியில் அடித்தார். சத்தம் அலுவலக அறைக்குக் கேட்டது.

"சக்கு என்ன உன் மாமனார் வீட்டுச் சீரா? இழுத்து விளையாடறதுக்கு? பொருளை வெச்சா வெச்ச இடத்துல விடணும். சோத்தைத் தின்னா மட்டும் பத்தாது."

"சரிப்பா."

அவள் வெளியே வந்தாள். தகடுகள் சக்கில் இரண்டு வரிசையாக இருந்தன. வரிசை நேர்த்தியாக இருந்தது. முட்டு இல்லை.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, முட்டு..."

"இன்னொரு தடவை அந்தச் சொல் உன் வாயில வந்துச்சு, இனிமே இந்தப் படி இறங்கி வராதே. மேலேயே உக்காந்து வெங்காயம் உரி."

அவர் நடந்துபோய் இடப்பக்கம் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கழுத்தை நீட்டினார்.

மகன் காந்தத்தைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. கல்லைப் போட்டான். கல் ஊளையிட்டு வேகம் பிடித்தது. கூலண்ட் தண்ணீர் பால்போல் கொட்டியது. மேசையை ஓட்டும் ஸ்விட்சுக்குக் கை போனது.

அவள் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். அவன் சொல்வான். சொல்லிவிட்டுத்தான் தொடுவான். அப்பா, தள்ளி நில்லுங்க. மூன்று சொல்.

அவன் வலப்பக்கம் ஓர் அடி நகர்ந்தான். வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி இன்னும் அரை அடி.

அவளும் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லட்டும் என்று இருந்தாள்.

அவன் ஸ்விட்சைத் தொட்டான்.

முதல் தகடு கல்லுக்கு அடியில் போனது. நின்றது. இரண்டாவதும் நின்றது. மாமனார் திரும்பி அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அப்போது டக் என்று ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் அல்ல. பூட்டு விழுகிற சத்தம்.

மாமனார் உட்கார்ந்தார். விழவில்லை; உட்கார்ந்தார். ஒரு கையை முகத்தின் இடப்பக்கம் வைத்தார். விரல்களுக்கு இடையில் இரத்தம் வந்தது. அவர் பின்னால் சுவரில் காரை பெயர்ந்திருந்தது. தகடு தரையில் முழுசாகக் கிடந்தது. ஒரு முனைகூட உடையவில்லை.

ரேடியோ லேத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

மகன் மெஷினை நிறுத்தினான். முதலில் மேசை. பிறகு கல். பிறகு தண்ணீர். கல் நிற்கும்வரை காத்திருந்தான். கடைசியாகக் காந்தம். முறைப்படிதான். அதன் பிறகு அப்பாவிடம் போனான்.

*

கண்ணை எடுத்துவிட்டார்கள். கன்ன எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. தலைக்குள் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அவர் அதை நல்ல செய்தியாகச் சொன்னார்.

மறுநாள் மாமியார் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

"காலையிலிருந்து பறக்கும், பறக்கும்னு அதே பேச்சு. ஓட்டக்கூடாது, ஓட்டக்கூடாதுனு. கரிநாக்கு. சொன்னது பலிச்சுடுச்சு. நாப்பது வருஷத்துல ஒருத்தர் மேலயும் படாதது இவ வாய் வெச்சதும் படுது."

சொந்தக்காரர்கள் மருமகளைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் குழந்தையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டாள்.

கணவன் தாழ்வாரத்தின் கடைசியில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றிருந்தான். கையில் சிவப்பு ஃபிளாஸ்க். அவள் போனாள்.

"முட்டு வெக்கறேன்னீங்களே."

"பார்த்துக்கறேன்னேன். வெக்கறேன்னு சொல்லல."

குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவன் அதை இறுக்கி மூடினான்.

"தள்ளி நில்லுங்கனு சொல்லல நீங்க."

"மறந்துட்டேன்."

"அரை அடி தள்ளி நின்னீங்க. அதை மறக்கலையே."

அவன் அவளைப் பார்த்தான். கோபமில்லாத முகம். நன்றாகத் தூங்கி எழுந்தவன் முகம்.

"நீயும்தான் சொல்லல," என்றான்.

பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"இங்க பாரு. மத்தியானம் நாம சக் பக்கமே போகல. நான் சாப்பிட்டேன். நீ டப்பா குடுத்துட்டுப் போயிட்ட. யாரும் எதையும் தள்ளிப் பார்க்கல. புரியுதா?"

"உங்கம்மா என்னைக் கரிநாக்குங்கறாங்க."

"சொல்லட்டும். திட்டு உடம்புல ஒட்டாதுனு நீதானே சொன்ன."

நர்ஸ் வந்து, பெரியவர் மருமகளைக் கூப்பிடுகிறார் என்றாள். மருமகளை மட்டும்.

*

மாமனாரின் தலையில் பாதி கட்டுக்குள் இருந்தது. மிச்சமிருந்த கண் அவள் உள்ளே வந்ததிலிருந்து அவளை விடவில்லை. சட்டையில் இருந்த பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். காந்தம் பையோடு சேர்ந்து கட்டில் கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கதவைச் சாத்தும்மா."

சாத்தினாள். அது முழுதாக மூடவில்லை. இடுக்கில் ஃபிளாஸ்க்கின் சிவப்பு தெரிந்தது.

"இரும்புக்கு நூறுனா?"

"முக்கால் மாமா."

"ஒண்ணுல முக்கால்."

"ஆமா."

அவர் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். அவள் தண்ணீரை எடுத்தாள். வேண்டாம் என்று கையசைத்தார்.

"எனக்கு வலிக்கல. ஊசி போட்டிருக்காங்க. படுத்துக்கிட்டு யோசிக்கறேன். வேற வேலை இல்ல." வாய் ஒரு பக்கமாகத்தான் திறந்தது. "அவன் சொல்லல."

"என்ன மாமா?"

"தள்ளி நில்லுங்கனு. பதினாறு வயசுல பட்டறைக்கு வந்தான். அன்னையிலிருந்து சொல்றான். காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டே ஓட்டினப்பகூடச் சொன்னான். நேத்து சொல்லல."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மறந்திருப்பார்."

"மறக்கலாம். மனுஷன்தானே. அவனை நான் மனுஷனா வளர்க்கலங்கறது வேற." அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "ஆனா சக்ல ஒரு கீறல் இருந்துச்சு. மெல்லிசா. நேரா. நான் அவனை அடிச்சேன். பொருளை ஏத்தும்போது இழுத்துட்டான்னு நினைச்சேன். ஏத்தும்போது இழுத்தா கீறல் ஓரத்துல இருக்கும். இது நடுவுல இருந்துச்சு. ஒரு விரற்கடை. அதே இடத்துல ரெண்டு."

இடுக்கில் சிவப்பு அசையவில்லை.

"நீதான் சொன்ன, விரலால தள்ளிப் பாருங்கனு. நான் பார்க்கல. என் திமிர். ஆனா எவனோ பார்த்திருக்கான். மத்தியானம். நான் மேல படுத்திருந்தப்ப."

அவர் கையை நீட்டி, பிளாஸ்டிக் பையோடு காந்தத்தைப் பிடித்து இழுத்தார். அது கம்பியை விட்டு வரவில்லை. விட்டுவிட்டார்.

"உன்னை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ என்ன சொன்னாலும் நம்பறேன். இந்த ஒரு தடவை."

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

"தள்ளினப்ப நகர்ந்துச்சாம்மா?"